ரக்பி ஆடிய முதல் வருடம்: 11 ஆட்டம், 2 வெற்றி, ஒரு மாட்டுக் கயிறு

காவேரிப்பட்டணத்தான் (இழையைத் தொடங்கியவர்):

போன ஜூனில் இங்கேதான் "ரக்பி பந்து எங்கே வாங்கலாம்" என்று கேட்டிருந்தேன். ஏழெட்டுப் பேர் சிரித்துவிட்டுப் போனீர்கள். ஒருத்தர் மட்டும் பெங்களூரில் எந்தத் தெருவில் கிடைக்கும் என்று சொன்னார். அவருக்காகவாவது கணக்கை ஒப்படைக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு: நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். சென்னையில் கல்லூரி படிக்கும்போது மூன்று வருடம் ரக்பி (பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி எதிரணிக் கோட்டைத் தாண்டுகிற ஆட்டம்) ஆடினேன், பெரிய ஆட்டக்காரன் எல்லாம் இல்லை. சனி, ஞாயிறு ஊருக்கு வரும்போது எங்கள் ஊர்ப் பள்ளிப் பையன்கள் 14 பேருக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். பத்தாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கிறவர்கள். இரண்டு பேரைத் தவிர அத்தனை பேரும் கபடி. 15 பேர் ஆடும் முழு ஆட்டத்துக்கு எங்களிடம் ஆள் இல்லை. பக்கத்தில் எதிரில் நிற்க இன்னொரு அணியும் இல்லை. அதனால் ஏழு பேர் ஆட்டம். மைதானம் அதே அளவுதான், ஏழு ஏழு நிமிடமாக இரண்டு பாதி. கேட்கும்போது ஈசியாக இருக்கும். 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலத்தை ஏழே பேர் காக்கும்போதுதான் வாயில் நுரை தள்ளும்.

ஆகஸ்டில் பெங்களூர், நாலு ஆட்டம், நாலும் தோல்வி. அக்டோபரில் சென்னை, மூன்று தோல்வி, ஒன்று 12-12. ஜனவரியில் மறுபடி பெங்களூர், மூன்றில் இரண்டு ஜெயித்தோம். முதல் ஆட்டத்தின் கணக்கு 0-43. டீ வாங்கி ஆற்றிக் குடிப்பதற்குள் முடிந்துவிடுகிற ஆட்டத்தில் 43 வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

கபடிப் பையன்கள், பிடித்தால் உடும்புப் பிடி, பயம் கிடையாது, ரக்பிக்கு வேறென்ன வேண்டும் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன். அந்த உடும்புப் பிடியால்தான் தோற்றோம். கபடியில் ரெய்டரைப் பிடித்துவிட்டால் விசில் வரும்வரை விடக் கூடாது. ரக்பியில் ஆளைச் சாய்த்த உடனே விட்டுவிட்டு உருண்டு விலக வேண்டும். விழுந்தவனும் பந்தை விட வேண்டும். நம் பையன் விடமாட்டான். விசில், பெனால்டி. அடுத்த தடவையும் விடமாட்டான். "விடுடா, விடுடா" என்று கத்தி அன்றைக்கு மதியத்துக்குள் என் தொண்டை கட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்ற கன்னடக்காரர் ஒருவர் என்னிடம், "விடுடா என்பது அந்தப் பையன் பெயரா?" என்று கேட்டார்.

அப்புறம் டேஷ். கபடியில் கோட்டோரம் நிற்கிற ரெய்டரைத் தோளால் இடித்து வெளியே தள்ளினால் கைதட்டல் கிடைக்கும். ரக்பியில் கையால் அணைக்காமல் தோளால் மட்டும் இடித்தால் தவறு. எங்கள் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அருமையாக ஒரு டேஷ் கொடுத்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பித் தொடையைத் தட்டினான். தட்டிய கை இறங்குவதற்குள் மஞ்சள் அட்டை. ஏழு பேர் ஆட்டத்தில் அதற்கு இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில் எதிரணி இரண்டு ட்ரை (கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்து எடுக்கிற புள்ளி) எடுத்துவிட்டது. எதிராளியைத் தூக்கிக் குப்புறச் சாய்ப்பதும் அதே கதைதான், கபடியில் சாகசம், இங்கே ஆபத்தான ஆட்டம்.

எங்களுக்கு வர வேண்டிய முதல் ட்ரை வராமல் போனதையும் சொல்லிவிடுகிறேன். பதினொன்றாவது படிக்கிறவன், எங்களிலேயே வேகமானவன். பந்தை வாங்கி அரை மைதானம் ஓடினான், ஒருத்தனும் கிட்டே வர முடியவில்லை. கோட்டைத் தாண்டினான். தாண்டி நின்று, எங்களைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினான். கபடியில் நடுக்கோட்டைத் தொட்டால் வேலை முடிந்தது. ரக்பியில் பந்தைத் தரையில் அழுத்தி வைத்தால்தான் ட்ரை. பின்னாலேயே ஓடி வந்த எதிரணிப் பையன் பந்தைத் தட்டிவிட்டான். போச்சு. "அண்ணா, கோட்டைத் தாண்டிட்டேன் இல்ல?" என்று இன்றைக்கும் கேட்கிறான்.

மாறியது எப்படி என்றால், கயிற்றால். தடுக்கும்போது ஏழு பேரும் ஒரே வரிசையாக முன்னேற வேண்டும். ஒருத்தன் முந்தினாலும் ஒருத்தன் பிந்தினாலும் அந்த இடைவெளியில் எதிரி புகுந்துவிடுவான். எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. கபடியில் கை கோத்துத்தானே நிற்கிறீர்கள், அதையே செய்யுங்கள் என்றேன். கை கோத்தால் ஓட முடியவில்லை. ஒரு பையன் வீட்டிலிருந்து மாட்டுக் கயிறு ஒன்றைத் தூக்கி வந்தான், தடித்த தேங்காய் நார்க் கயிறு. ஆளுக்கு மூன்று எட்டு இடைவெளி விட்டு ஏழு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். ஒருத்தன் தங்கினால் மற்ற ஆறு பேர் உள்ளங்கையும் எரியும். இரண்டு வாரத்தில் தானாக வாய் திறந்தார்கள், "மெதுவா", "இந்தப் பக்கம்", "ஏறு, ஏறு". அதுவரை ஊமைகள் மாதிரிதான் ஆடிக்கொண்டிருந்தார்கள். கபடியில் பாடுகிறவன் ரெய்டர் ஒருத்தன்தானே, பிடிக்கிறவர்கள் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். ஜனவரியில் கயிறு இல்லாமல் ஓடும்போது பார்த்தேன், கை மட்டும் இல்லாத கயிற்றைப் பிடித்த மாதிரியே இடுப்பளவில் நின்றது. அன்றைக்கு ஒரு ஆட்டம் 19-12, இன்னொன்று 17-14.

நவம்பரில் எங்கள் ஆட்களில் சிறந்தவன் கபடிக்கே திரும்பிப் போய்விட்டான். அவன் அப்பா வந்து சொன்னார், நான் ஒன்றும் பேசவில்லை. வரும் வருடம் தொடரலாமா என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் யோசனையைச் சொல்லுங்கள்.

தொப்பூர் வளைவு:

வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன ஆட்டம் நமக்கு எதற்கு? சடுகுடு இருக்கும்போது மாங்காய் மாதிரி ஒரு பந்தைத் தூக்கிக்கொண்டு பின்னாடி பின்னாடி எறிவதா? முன்னாடி போக வேண்டியவன் பின்னாடி எறிகிறான், இது என்ன லாஜிக்?

ஓசூர் ஷிப்ட்காரன்:

தொப்பூர் அண்ணா, நீங்கள் கிரிக்கெட் பார்ப்பதில்லையா?

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879-லிருந்து ரக்பியில் மோதிக்கொள்ளும் கல்கத்தா கோப்பை எதில் செய்தது தெரியுமா? கல்கத்தாவில் இருந்த ரக்பி கிளப்பை மூடும்போது, வங்கிக் கணக்கில் மிச்சமிருந்ததை 270 வெள்ளி ரூபாயாக எடுத்து உருக்கிச் செய்த கோப்பை அது. மூடி மேல் யானை, கைப்பிடியில் நாகம். நம்ம ஊர் வெள்ளியை உருக்கி வைத்துக்கொண்டு அவர்கள் 140 வருடத்துக்கு மேல் சண்டை போடுகிறார்கள், நாம் ஒரு பந்து வாங்கக் கூடாதா?

2007-இல் ஒடிசாவிலிருந்து பழங்குடி மாணவர்கள் லண்டனுக்குப் போய் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பள்ளிகள் ரக்பிப் போட்டியில் கோப்பை வாங்கி வந்தார்கள். அந்தப் பையன்களும் ஏதோ ஒரு வருடம் 0-43 பார்த்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பழைய பி.டி. வாத்தியார்:

தம்பி, முதலில் உன்னைப் பாராட்டுகிறேன். பிடியைப் பற்றி நீ எழுதியது நூற்றுக்கு நூறு சரி. கணுக்கால் பிடி, தொடைப் பிடி, சங்கிலிப் பிடி என்று மூன்று நான்கு வருடம் உடம்பில் ஏற்றியதை ஒரு ஆகஸ்டில் இறக்கி வை என்றால் உடம்பு கேட்காது.

ஆனால் ஒரு விஷயத்தை நீ லேசாகத் தாண்டிப் போகிறாய். அந்தப் பையனின் அப்பா செய்தது சரி. நான் 31 வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆவதற்கு முன்னால், மாவட்டப் போட்டி என்றால் தர்மபுரிதான். விடியற்காலை நாலு மணிக்குப் பஸ் ஏற்றி, தூக்குச் சட்டியில் களி கட்டிக்கொண்டு பையன்களை அழைத்துப் போயிருக்கிறேன். அப்போது பெற்றோர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "சார், இதுல சர்டிபிகேட் வருமா?" குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று கபடிக்கு ஒரு ஏணி இருக்கிறது. மேலே ஏறினால் அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. போலீஸில் சேர்ந்த என் மாணவர்கள் பலர் அந்த ஏணியில் ஏறியவர்கள்தான். நீ நடத்துகிற ஆட்டத்துக்கு அப்படி ஏணி கண்ணுக்கு எட்டின தூரத்தில் இருக்கிறதா? இல்லை என்றால் அதைப் பையன்களிடம் முதல் நாளே சொல்லிவிடு. ஆசையாக ஆடுகிறவன் ஆடட்டும். ஏமாந்தோம் என்று ஒருத்தன்கூட பின்னால் நினைக்கக் கூடாது.

இன்னொன்று. காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு சென்னைக்குக் கூட்டிப் போயிருக்கிறாய். அதற்கு என் காலத்தில் தலைமையாசிரியர் என் தோலை உரித்திருப்பார்.

காவேரிப்பட்டணத்தான்:

சார், வணக்கம். சர்டிபிகேட் விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை, எல்லோரும் இருக்கும் என்றே நினைத்துக்கொண்டார்கள். நவம்பரில் அந்த அப்பா வந்து கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

தேர்வு விஷயத்திலும் பிடிபட்டேன். ஒரு பையன் சென்னை வண்டியில் அல்ஜீப்ரா போட்டுக்கொண்டே வந்தான், அதுவும் தப்புத் தப்பாக.

ஊத்தங்கரை கண்டிக்காரன்:

எங்கள் தாத்தா பாட்டி இலங்கையில் கண்டிப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து, தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கே வந்தவர்கள். எங்கள் வீட்டில் 'றக்பி' என்று எழுதுவார்கள், பெரிய 'ற' போட்டு. நீங்கள் எல்லாம் இப்போதுதான் கேள்விப்படுகிற ஆட்டத்தைப் பற்றித் தாத்தா சாகும்வரை பேசினார்.

அங்கே பள்ளிக்கூடப் பையன்கள் ஆட்டம் என்றால் ஊரே கிளம்பும். இலங்கைப் பள்ளிகளில் றக்பியை முதலில் கொண்டுவந்தது கண்டி கிங்ஸ்வுட் கல்லூரி, 1891-இல். கொழும்பு ராயல் கல்லூரிக்கும் கண்டி டிரினிட்டி கல்லூரிக்கும் நடக்கிற பிராட்பி கேடயம் 1945-இல் தொடங்கியது. வருடத்துக்கு இரண்டு ஆட்டம், ஒன்று கொழும்பில், ஒன்று கண்டியில். இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் கேடயம் யாருக்கு என்று முடிவாகும். முதல் ஆட்டத்தில் தோற்றவனும் இரண்டாவதில் எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இறங்குவான். தாத்தா டிரினிட்டி கட்சி. அந்தப் பள்ளியின் வாசல் படியைக்கூட மிதித்தவர் இல்லை. தோட்டத்திலிருந்து வேலைக்கு நடுவே மலையிறங்கி, வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்.

எனக்கு ஒரு சந்தேகம். கோல் போஸ்டுக்கு நடுவில் உதைக்கிறதுதான் கஷ்டம், அதற்கு 2 புள்ளி. ஓடிப்போய்ப் பந்தை வைக்கிறதற்கு 5 புள்ளியா?

காவேரிப்பட்டணத்தான்:

நல்ல கேள்வி. ஆரம்ப காலத்தில் கோட்டைத் தாண்டிப் பந்தை வைப்பதற்குப் புள்ளியே கிடையாது. வைத்தால் போஸ்டை நோக்கி உதைக்க ஒரு முயற்சி கிடைக்கும், அவ்வளவுதான். அந்த முயற்சி என்பதுதான் 'ட்ரை' என்ற பெயர். அப்புறம் வருடங்கள் போகப் போக அதற்கே மதிப்பு ஏறி 5 ஆனது. உதை 2 ஆக நின்றுவிட்டது. ஏழு பேர் ஆட்டத்தில் அந்த உதையையும் பந்தைக் கீழே போட்டு, எழும்பும்போது உதைக்க வேண்டும். எங்களில் அது வருகிறவன் ஒரே ஒருத்தன். கபடியும் தெரியாத, ஓடவும் தெரியாத ஒரு ஒல்லிப் பையன். 12-12 அவன் காலால் வந்தது.

உங்கள் தாத்தா கதையை என் பையன்களிடம் படித்துக் காட்டப் போகிறேன்.

வார்டு அக்கா:

நான் செவிலியர். விளையாட்டு எனக்குத் தெரியாது. தலையில் அடிபட்டால் என்ன செய்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே, அதனால் நான் கேட்கிறேன். பேஷண்ட் மயங்கி விழவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்று கூட்டி வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

பர்கூர் அப்பா:

அக்கா, அதற்கு நான் பதில் சொல்கிறேன், என் பையனுக்குத்தான் அடிபட்டது.

சென்னையில் இரண்டாவது ஆட்டம். விழுந்தவன் தலையில் இன்னொருவன் முழங்கால் பட்டது. எழுந்து நின்றான், நடந்தான், மயக்கம் இல்லை. இந்தத் தம்பி உடனே வெளியே கூப்பிட்டுவிட்டார். "ஸ்கோர் என்னடா?" என்று கேட்டார், பையன் சொன்னான். "முந்தின ஆட்டம் யார்கூட?" என்று கேட்டார், பையனுக்கு வரவில்லை. அவ்வளவுதான், அன்றைக்கு இனி இறங்கக் கூடாது என்று உட்கார வைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு தூரம் போய், மூன்று நாள் சம்பளம் விட்டு, பையன் ஒரு ஆட்டம்தான் ஆடினான் என்றால்? எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். திரும்பி வரும்போது வண்டியில் பையன் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். வாணியம்பாடி தாண்டி நிறுத்தி முகம் கழுவிவிட்டோம். ராத்திரியே மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தோம், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அந்த வாந்தியோடு அவன் இன்னொரு ஆட்டம் ஆடியிருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இங்கே கேட்டதாக வைத்துக்கொள்ளட்டும்.

வார்டு அக்கா:

செய்தது சரி. அன்றைக்கு மறுபடி இறக்கவே கூடாது. வாந்தி, தலைவலி கூடுவது, பார்வை இரட்டையாகத் தெரிவது, தூக்கத்தில் எழுப்பினால் சரியாக விழிக்காமல் இருப்பது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. சரியான பிறகும் பையன்களுக்கு இரண்டு மூன்று வாரமாவது இடித்துப் பிடிக்கிற ஆட்டம் வேண்டாம். மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் இறக்க வேண்டும். இதே விஷயம் கபடிக்கும் பொருந்தும், அங்கே யாரும் இப்படிக் கேள்வி கேட்டு உட்கார வைப்பதை நான் பார்த்ததில்லை. பழைய வாத்தியார் ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பழைய பி.டி. வாத்தியார்:

கோபம் இல்லை அம்மா. முகத்தில் தண்ணீர் அடித்து, "ஒண்ணும் இல்லடா, போ" என்று நானே எத்தனையோ பேரை உள்ளே தள்ளியிருக்கிறேன். அன்றைக்கு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

தொப்பூர் வளைவு:

சரி, ஆட்டத்தை ஒத்துக்கொள்கிறேன். எங்கே விழுந்து பழகுகிறார்கள்? நம் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் விழுந்தால் முழங்காலில் தோல் மிஞ்சாது. சரளைக்கல் கொட்டி வைத்த மாதிரி இருக்கும்.

காவேரிப்பட்டணத்தான்:

அதுதான் அண்ணா இப்போதைய தலைவலி. ஜூன் முதல் செப்டம்பர் வரை வற்றிய ஏரியில் பழகினோம். களிமண் காய்ந்து, மேலே புல் படர்ந்து, மெத்தை மாதிரி இருந்தது. மாடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தர் கரையில் உட்கார்ந்து பார்ப்பார். "இவனுங்க எருது விட்ற மாதிரி ஓட்றானுங்க, ஆனா பரிசு யாருக்குன்னுதான் தெரியல" என்பார். அக்டோபர் மழையில் ஏரி நிரம்பிவிட்டது. ஊருக்கு நல்லது, எங்களுக்குத்தான் இடம் போனது. அப்புறம் தென்பெண்ணை ஆற்று மணலில் கொஞ்ச நாள் பழகினோம், நீர்மட்டம் ஏறியதும் அதுவும் போனது. டிசம்பரில் பள்ளி மைதானத்தில் விழாமல், தொட்டு விளையாடுவதோடு நிறுத்திக்கொண்டோம். இப்போது பிப்ரவரி, ஏரியில் இன்னும் முழங்கால் தண்ணீர் நிற்கிறது.

பாலக்கோடு தக்காளி:

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். காவேரிப்பட்டணத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு ஏக்கர் சொச்சம் நெல் வயல் இருக்கிறது. போன வாரம்தான் அறுத்தோம். மாமரத்துக்கு மருந்தடிக்கிற வேலையில் இருப்பதால் சித்திரை வரைக்கும் அந்த வயலில் ஒன்றும் போடப் போவதில்லை. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பி.டி. வாத்தியார்:

அறுத்த வயலில் தாள் குத்துமே தம்பி. வரப்பு வேறு இருக்கும், கால் புரண்டுவிடும்.

பாலக்கோடு தக்காளி:

நடு வரப்பை மட்டும் வெட்டிவிடலாம், அது சின்னதுதான். தாளுக்கு ரோட்டாவேட்டர் ஒரு ஓட்டு ஓட்டித் தருகிறேன். அதன் மேல் பலகை அடித்தால் மண் பொடியாகிப் புட்டு மாதிரி இருக்கும், தலைகீழாக விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. டீசல் காசு மட்டும் கொடுங்கள், வாடகை வேண்டாம். 100 மீட்டர் எல்லாம் வராது, பாதிதான் வரும்.

காவேரிப்பட்டணத்தான்:

பாதி போதும் அண்ணா. டீசல் காசு என்னுடையது. பையன்கள் 11 பேர் வருவார்கள், பன்னிரண்டாவது படிக்கிற இரண்டு பேரைத் தேர்வு முடியும்வரை கூப்பிடப் போவதில்லை, வாத்தியார் சார் தோலை உரிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். மற்ற பையன்களின் பெற்றோரையும் இந்த ஞாயிறு வரச் சொல்கிறேன். சர்டிபிகேட் பற்றி இருக்கிற நிலவரத்தை நேராகச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் அனுப்புகிறவர்கள் அனுப்பட்டும்.

சார், நீங்களும் வர முடியுமா? விடுவதற்கு நான் சொல்லிக் கொடுத்துவிட்டேன். இப்போது பிடிக்க வேண்டிய நேரத்திலும் விட்டுவிடுகிறார்கள்.

பழைய பி.டி. வாத்தியார்:

முழங்கால் வலி இருக்கிறது. நாற்காலி போட்டால் வருகிறேன். எத்தனை மணிக்கு?

காவேரிப்பட்டணத்தான்:

காலை ஆறரை சார். நாற்காலி நான் கொண்டு வருகிறேன். கயிறு மட்டும் அந்தப் பையன் வீட்டில் மறுபடி மாட்டுக்குப் போய்விட்டதாம், வேறு ஒன்று வாங்க வேண்டும்.